வெள்ளியில் போட்ட பிரிண்ட், இங்கில் போட்ட பிரிண்ட்: நீங்கள் பார்த்த ஆழம் எங்கே இருக்கிறது?

ஒரு கண்காட்சியில் ஒரே படத்தின் இரண்டு கறுப்பு-வெள்ளைப் பிரிண்டுகளை அருகருகே பார்த்ததாகவும், டார்க்ரூமில் போட்டதில் ஓர் ஆழம் தெரிந்ததாகவும், கூட வந்த நண்பர் அதை மனப்பிரமை என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் 35 எம்.எம். கறுப்பு-வெள்ளை ரோல் முப்பது இருக்கிறது. வீட்டுக் குளியலறையை டார்க்ரூம் ஆக்கட்டுமா, அந்தப் பணத்தில் நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கட்டுமா என்பது கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த ஆழம் காகிதத்தில் இருந்ததா, பார்த்த கண்ணில் இருந்ததா என்பது ஒன்று. உங்கள் நெகட்டிவ்களுக்கு எந்த வழி பொருந்தும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து இரண்டாவதை முடிவு செய்தால் தப்பாகப் போகும். அதனால் தனித்தனியாகவே பார்ப்போம்.

நான் 1985-இல் மதுரையில் ஒரு போர்ட்ரெய்ட் ஸ்டுடியோவில் உதவியாளாகச் சேர்ந்தேன். முதல் ஓராண்டு என்னை என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) பக்கமே விடவில்லை. பிரிண்டை அலசுவது, கிளேசிங் மெஷினில் ஒட்டிக் காயவைப்பது, ஓரம் வெட்டுவது, அவ்வளவுதான். ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் ‘இந்து’ பேப்பரில்தான் பிரிண்ட் போடக் கற்றுக்கொண்டேன். அந்த ஆலை இப்போது இல்லை. அப்புறம் சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலக டார்க்ரூமில் 11 ஆண்டுகள் இருந்தேன். 2006 முதல் புகைப்படக்காரர்களுக்கும் ஓவியர்களுக்கும் பிக்மென்ட் இங்கில் (நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த இங்க்) பிரிண்ட் போட்டுத் தருகிறேன், என்லார்ஜரையும் விட்டுவிடவில்லை. நான் வேதியியல் படித்தவன் அல்ல. அளந்து பார்த்ததை அளந்தது என்றும், கண்ணால் மட்டும் கண்டதைக் கண்டது என்றும் பிரித்தே சொல்கிறேன். பிளாட்டினம், சயனோடைப் போன்ற பழைய முறைகளில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை; அவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

முதலில், ‘டிஜிட்டல் பிரிண்ட்’ என்ற ஒரே பெயரில் நாலு வேறு பொருள்கள் புழங்குகின்றன. கல்யாண ஆல்பம் போடும் கலர் லேபில் உங்கள் கறுப்பு-வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் அது கலர் பேப்பரில்தான் வரும். அங்கே கறுப்பு என்பது சயான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று சாயங்களின் கூட்டு. மெஷின் கொஞ்சம் பிசகினாலும் சாம்பலில் ஒரு பச்சையோ இளஞ்சிவப்போ ஏறிவிடும். அடுத்தது, வீட்டு இங்க்ஜெட்: ஒரே ஒரு கறுப்பு இங்கையும் கலர் இங்குகளையும் கலந்து சாம்பலை உண்டாக்குவது. பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்த சாம்பல், அறை விளக்கின் கீழ் வேறு நிறம் காட்டும். மூன்றாவது, கறுப்பிலேயே மூன்று அடர்த்திகள் வைத்திருக்கும் பிக்மென்ட் பிரிண்டர். எப்சன் 2005-இல் கே3 இங்குகளோடு கொண்டுவந்தது இதைத்தான்: ஒரு முழுக் கறுப்பு, ஒரு இளங்கறுப்பு, அதைவிட இளசாக இன்னொன்று. கறுப்பு-வெள்ளை இங்க்ஜெட் பிரிண்டை நம்பிக் கையில் வாங்கலாம் என்ற நிலை எனக்கு வந்தது அப்போதுதான். நாலாவதாக ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை லேசர் ஒளியால் அசல் வெள்ளி பேப்பரில் பதித்து, டெவலப்பரிலும் ஹைப்போவிலும் கழுவி எடுப்பது. அது டிஜிட்டலா, டார்க்ரூமா என்று கேட்டால் இரண்டும்தான். நீங்கள் பார்த்த கண்காட்சியில் இந்த நாலில் எது தொங்கியது என்று தெரியாமல் உங்கள் நண்பரோடு வாதம் செய்வதில் பயனில்லை.

சரி, வெள்ளி பிரிண்ட் என்பது என்ன? ஜெலட்டினில் வெள்ளி உப்புத் துகள்கள் விரவியிருக்கும். ஒளி பட்ட துகள்கள் டெவலப்பரில் உலோக வெள்ளியாக மாறிக் கறுக்கும். படாதவற்றை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். ஹைப்போவுக்கு இந்தக் குணம் உண்டு என்று ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டுபிடித்துவிட்டார். புகைப்படம் உலகத்துக்கு அறிமுகமானதோ 1839-இல். பிளாஸ்டிக் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பரில் காகிதத்துக்கும் ஜெலட்டினுக்கும் நடுவே பாரைட்டா என்ற பேரியம் சல்பேட் பூச்சு இருக்கும். அந்த வெண்மை அதிலிருந்து வருவது. ஆர்.சி. பேப்பர் என்பது காகிதத்தின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் பூசியது. சீக்கிரம் கழுவலாம், சீக்கிரம் காயும், சுருளாது.

ஒரு காகிதத்தின் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்பதை அடர்த்தி எண்ணால் சொல்லலாம். நல்ல பளபளப்பான வெள்ளி பேப்பரில் 2.1 கிடைக்கும். மேலே விழும் ஒளியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் திரும்பி வருகிறது என்று அர்த்தம். மினுமினுப்பில்லாத மேட் காட்டன் பேப்பரில் பிக்மென்ட் இங்க் 1.6, மிஞ்சினால் 1.7 தரும், அதாவது 2 முதல் 2.5 சதவீத ஒளி திரும்பி வருகிறது. கேட்கச் சின்ன எண்கள். ஆனால் ஒன்றில் தூணின் நிழல் கிணறு மாதிரி உள்ளே போகும். மற்றதில் கரித்தூள் பூசியது மாதிரி மேலேயே நிற்கும். அதே இங்கை இங்க்ஜெட்டுக்கென்று வரும் பாரைட்டா பேப்பரில் போட்டால் 2.3-ஐத் தாண்டிவிடும், வெள்ளியைவிடக் கறுப்பு. ஆக, கறுப்பின் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் வெள்ளி இன்று முதலிடத்தில் இல்லை. நீங்கள் பார்த்த இங்க்ஜெட் பிரிண்ட் மேட் பேப்பரில் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படி என்றால் ஆழம் என்று நீங்கள் உணர்ந்ததில் பெரும்பங்கு இந்த வித்தியாசம்தான். அது மனப்பிரமை இல்லை. டார்க்ரூமின் தனிச்சொத்தும் இல்லை.

இரண்டாவது வித்தியாசம் மேற்பரப்பில். வெள்ளி பிரிண்டில் வெள்ளைப் பகுதியையும் கறுப்புப் பகுதியையும் மூடியிருப்பது ஒரே ஜெலட்டின் படலம். பிரிண்டைச் சாய்த்துப் பிடித்தால் மினுமினுப்பு ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீராக ஓடும். இங்க்ஜெட்டில் வெள்ளை என்பது இங்க் விழாத இடம். அங்கே காகிதத்தின் மினுமினுப்பு. கறுப்பில் இங்கின் மினுமினுப்பு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சாய்த்துப் பார்க்கும்போது கறுப்பின் மேல் ஒரு செம்பு நிறப் பளிச்சல் தெரியும். நிறமில்லாத ஒரு பூச்சை மேலே தரும் பிரிண்டர்களில் இது வெகுவாகக் குறைகிறது. மேட் பேப்பரில் மினுமினுப்பே இல்லாததால் பிரச்சினையும் இல்லை. கண்ணாடி போட்டு மாட்டிவிட்டால்? அங்கேதான் என் உறுதி குறைகிறது. பாரைட்டாவில் நன்றாகப் போட்ட இங்க்ஜெட்டையும் வெள்ளி பிரிண்டையும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, எது எது என்று கேட்டால் நானே தடுமாறியிருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்தால் தடுமாறுவதில்லை. ஜெலட்டினுக்குள்ளே வெள்ளி வெவ்வேறு மட்டத்தில் கிடப்பதால் படம் முப்பரிமாணமாகத் தெரிகிறது என்று பலர் சொல்வார்கள். அந்தப் படலத்தின் கனமே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். அதைக் கண் பிரித்தறியும் என்று நான் நம்பவில்லை. ஒரே சீரான மினுமினுப்புதான் அந்த உணர்வைத் தருகிறது என்பது என் ஊகம். கருவி வைத்து நிரூபித்தது அல்ல.

இன்னொரு கலப்படமும் இந்த வாதத்தில் அடிக்கடி நடக்கிறது. பிடித்த விதத்தையும் அச்சிட்ட விதத்தையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஃபிலிமில் பிரகாசமான பகுதிகள் ஒரேயடியாக அறுந்துபோகாமல் மெல்ல மெல்ல வெள்ளையை நெருங்கும். டிஜிட்டல் கேமராவில் ஓர் அளவுக்கு மேல் சட்டென்று வெறும் வெள்ளை. ஃபிலிமில் எடுத்த படத்தின் வெள்ளி பிரிண்டையும், டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தின் இங்க்ஜெட்டையும் பக்கத்தில் வைத்து, ‘பாருங்கள், டார்க்ரூம் எப்படி மென்மையாக இருக்கிறது’ என்பது ஒப்பீடே ஆகாது. உங்கள் கையில் இருப்பது நெகட்டிவ். எந்த வழியில் பிரிண்ட் போட்டாலும் அந்த மென்மை அதிலேயே இருக்கிறது.

இனி வேலை நடக்கும் விதம். எனக்கு உண்மையான வித்தியாசம் இதில்தான். என்னிடம் ஒரு நெகட்டிவ் இருக்கிறது. கல்மண்டபத்தின் வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். காலை வெயில் அவர் வேட்டிமேல் நேராக விழுகிறது. முகம் தூணின் நிழலில் பாதி. பின்னால் தூண்களில் யாளிகள், ஏறக்குறைய இருட்டில். வேட்டியின் மடிப்பு தெரியும்படி போட்டால் யாளி காணாமல் போகும். யாளிக்குப் பார்த்தால் வேட்டி வெறும் காகிதம். நெகட்டிவில் இரண்டுமே இருக்கின்றன. ஆனால் பளபளப்பான பேப்பர் காட்டக்கூடியது ஏறக்குறைய ஏழு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரண்டு மடங்காவது), நெகட்டிவ் அதைவிட அதிகம் பிடித்து வைத்திருக்கிறது. பிரிண்ட் போடுகிறவரின் தொழில் என்பது அந்த அதிகத்தை இந்தக் குறைவுக்குள் எப்படி உட்காரவைப்பது என்பதுதான்.

டார்க்ரூமில் முதலில் டெஸ்ட் ஸ்ட்ரிப். ஒரு கீற்றுப் பேப்பரை அட்டையால் மூடி, 3 நொடிக்கு ஒருமுறை அட்டையை நகர்த்தி, 3, 6, 9, 12 என்று ஏறிக்கொண்டே போகும் படிகள். கழுவி, விளக்கைப் போட்டுப் பார்த்தால் முகத்துக்கு 9, யாளிக்கு 12, வேட்டிக்கு 20-க்கு மேல் என்று தெரியும். முழுப் பேப்பருக்கும் 12 நொடி. அதில் 3 நொடி, முகத்துக்கு நேராக ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் ஒட்டிய காசளவு அட்டை வட்டத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் வட்டத்தின் விளிம்பு முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி விழுந்துவிடும். அப்புறம் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து, நடுவில் வேட்டி அளவுக்கு ஓர் ஓட்டை விட்டு, அதன் வழியாக மட்டும் இன்னொரு 10 நொடி. இந்தப் பத்து நொடிக்கு நான் ஃபில்டரை மாற்றுவேன். மல்டிகிரேடு பேப்பரில் பச்சை ஒளி குறைந்த கான்ட்ராஸ்டும் நீல ஒளி அதிகக் கான்ட்ராஸ்டும் தரும். இல்ஃபோர்டு கம்பெனி 1940-இலேயே இந்த வகைப் பேப்பரைக் கொண்டுவந்துவிட்டது. ஃபில்டர்கள் 00 (குறைந்த கான்ட்ராஸ்ட்) முதல் 5 (அதிகம்) வரை. படம் முழுக்க 2½-இல் போட்டுவிட்டு வேட்டிக்கு மட்டும் 0 வைத்தால் மடிப்புகள் சாம்பலாகாமல் மெல்ல எழும்பி வரும். இவ்வளவும் கையால், இருட்டில், மனசுக்குள் நொடி எண்ணிக்கொண்டு. பேப்பர் டெவலப்பரில் விழுந்து அரை நிமிஷம் கழித்து யாளியின் வாய் முதலில் தெரியும், கடைசியாகத்தான் வேட்டி. எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்த நேரத்தில் நான் பேசுவதில்லை.

அதே நெகட்டிவை 16 பிட்டில் ஸ்கேன் செய்து நான் இங்க்ஜெட்டிலும் போட்டேன். வேட்டிக்கு ஒரு மாஸ்க் (அந்த இடத்தை மட்டும் பிரித்துத் திருத்தும் வசதி), முகத்துக்கு ஒரு மாஸ்க், அப்புறம் யாளிக்கு என்று தனியாக ஒரு கர்வ் (வெளிச்சத்தையும் இருட்டையும் ஏற்றி இறக்கும் வளைகோடு). டார்க்ரூமில் இந்த மூன்றாவதை என்னால் செய்யவே முடிந்ததில்லை. இரண்டு தூண்களுக்கு இடையே இருக்கும் யாளியை மட்டும் மறைக்க என் விரல் அவ்வளவு மெலிசு இல்லை. இங்க்ஜெட் பிரிண்டில் யாளியின் பற்களை எண்ணலாம். சந்தேகமில்லாமல் அதிக விவரம் உள்ள பிரிண்ட் அதுதான். ஆனால் என் வீட்டுச் சுவரில் இருப்பது வெள்ளி பிரிண்ட். பற்கள் தெரிய ஆரம்பித்ததும் கண் பெரியவரை விட்டுவிட்டு யாளிக்குப் போய்விடுகிறது. கைக்கு எட்டாததை விட்டுவிட வேண்டியிருந்ததால் டார்க்ரூமில் படம் தானாக ஒரே இடத்தில் குவிந்தது. கம்ப்யூட்டரில் எல்லாமே கைக்கு எட்டுவதால் எதை விடுவது என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் தடவை நான் அதைச் செய்யவில்லை. பிறகு யாளியை மறுபடி இருட்டுக்குள் தள்ளிப் போட்ட இரண்டாவது இங்க்ஜெட் பிரிண்ட், வெள்ளி பிரிண்டுக்குச் சமமாக நிற்கிறது. கண்காட்சிகளில் டிஜிட்டல் பிரிண்டுகள் தட்டையாகத் தெரிவதற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான்: நிழலை எல்லாம் திறந்துவிடுகிறார்கள்.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எடுப்பதில் டிஜிட்டலுக்குப் போட்டியே இல்லை. கோப்பைச் சேமித்துவிட்டால் அடுத்த வருஷமும் அதே பிரிண்ட். டார்க்ரூமில் நொடிகளையும் ஃபில்டர்களையும் நோட்டில் எழுதி வைத்தாலும் கை அதே இடத்தில் நிற்காது. டெவலப்பர் களைத்திருக்கும், பேப்பரின் புதுப் பெட்டி கொஞ்சம் வேகமாக இருக்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் ஊரில் எடுத்த நிலவு உதிக்கும் படம் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அதை அவர் பல பத்தாண்டுகள் மறுபடி மறுபடி பிரிண்ட் போட்டார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் வானத்தில் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நடுவில் 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கவும் செய்தார். நெகட்டிவ் ஒன்றுதான், படம் ஒன்றல்ல. இதைக் குறை என்று எடுத்துக்கொள்கிறவர் டிஜிட்டலுக்குப் போகலாம். எனக்கு அது குறையாகத் தெரிவதில்லை.

இரண்டு வழியிலும் புதியவர்கள் விழும் குழி ஒன்றேதான், வேஷம் மட்டும் வேறு. ஃபைபர் பிரிண்ட் ஈரத்தில் பளிச்சென்று இருக்கும். காய்ந்தபின் வெள்ளைகள் மங்கி, மொத்தமும் ஒரு படி இருண்டுவிடும். அதற்காக எக்ஸ்போஷரில் சுமார் 10 சதவீதம் குறைத்துப் போடுவது வழக்கம். என் ஸ்டுடியோக் காலத்தில் இதைக் கற்க எனக்கு ஒரு பெட்டிப் பேப்பர் செலவானது. டிஜிட்டலில் அந்த ஈரத்தின் இடத்தில் மானிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது தானே ஒளி வீசுவது. காகிதம் விழும் ஒளியைத் திருப்புவது மட்டும். கடையிலிருந்து வந்தபடி முழுப் பிரகாசத்தில் வைத்துப் படத்தைத் திருத்தினால் பிரிண்ட் இருண்டுதான் வரும். எங்களிடம் வருகிறவர்களில் அநேகம் பேர் பிரிண்டர் மேல் சொல்லும் புகார் உண்மையில் மானிட்டருடையது. பிரகாசத்தை 80 முதல் 120 கேன்டெலா அளவுக்கு இறக்கி, கேலிப்ரேட் செய்த (திரையின் நிறத்தையும் ஒளியையும் சரியான அளவுக்கு ஒத்துவைத்த) பிறகுதான் திருத்த ஆரம்பிக்க வேண்டும்.

எவ்வளவு காலம் நிலைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். வெள்ளி பிரிண்டுக்குச் சாட்சி நேரடியாக இருக்கிறது: 1880-களின் ஜெலட்டின் பிரிண்டுகள் இன்றும் கண்முன்னே இருக்கின்றன. அதே சமயம், சரியாக அலசாத பிரிண்ட் பத்து வருஷத்தில் மஞ்சளாகிப் போவதையும் பார்த்திருக்கிறேன். உள்ளே தங்கிய ஹைப்போ வெள்ளியைத் தின்றுவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். பிக்மென்ட் இங்குக்குச் சொல்லப்படும் நூறு, இருநூறு ஆண்டுக் கணக்கு, கடுமையான ஒளியில் வைத்து வேகமாகச் சோதித்துக் கணக்குப்போட்டது. யாரும் நூறு வருஷம் காத்திருந்து பார்த்தது இல்லை. கறுப்பு இங்கில் இருப்பது கார்பன், அது உறுதியான பொருள் என்பதில் சந்தேகமில்லை. பலவீனம் இங்கைவிடக் காகிதத்தில்: வெண்மையைக் கூட்ட ஒளிரும் ரசாயனம் சேர்த்த பேப்பர்கள் நாளடைவில் மஞ்சள் தட்டும். மேட் பிரிண்டின் மேல் விரல்நகம் உரசினாலே கோடு விழும். வெள்ளி பிரிண்ட் அந்த விஷயத்தில் கல் மாதிரி.

இப்போது உங்கள் முப்பது ரோல். 35 எம்.எம். என்பதால் ஸ்கேனர் முக்கியம். வீட்டு ஃபிளாட்பெட் ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று அச்சிட்டிருந்தாலும் உண்மையில் அது பிரித்துக்காட்டுவது அங்குலத்துக்கு 2300 புள்ளிக்குப் பக்கம்தான். அப்படிப் பார்த்தால் 36 மில்லிமீட்டர் அகலத்துக்கு 3260 பிக்சல். பிரிண்டில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வகுத்தால் பிரிண்டின் நீளம் 11 அங்குலம்கூட வராது. மேக்ரோ லென்ஸோடு 24 மெகாபிக்சல் கேமராவை வைத்து நெகட்டிவைப் படம் எடுத்தால் 20 அங்குலம்வரை போகலாம். ஃபிலிமின் மணி (கிரெய்ன் எனப்படும் வெள்ளித் துகள்) விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. என்லார்ஜரில் ஃபிலிமின் மணிகள் மணிகளாகவே விழும். ஸ்கேனில் பிக்சல் கட்டமும் மணியும் மோதி, வானம் போன்ற வெற்று இடங்களில் சொரசொரப்பு கூடிவிடுகிறது, எச்.பி.5 மாதிரி 400 வேக ஃபிலிமில் இது நன்றாகவே தெரியும். இன்னொன்று, நெகட்டிவ்களை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். எக்ஸ்போஷர் குறைந்து, மெலிந்து, நிழலில் லேசாக மட்டும் விவரம் இருப்பவை டார்க்ரூமில் உங்களை அழவைக்கும். ஸ்கேனில் அவற்றை ஓரளவு மீட்கலாம். நல்ல அடர்த்தியும் இயல்பான கான்ட்ராஸ்டும் உள்ளவை 2, 2½ ஃபில்டரில் சிரமமில்லாமல் விழும். புதிதாக எடுப்பவரின் முப்பது ரோலில் இரண்டு வகையும் கலந்துதான் இருக்கும்.

குளியலறை டார்க்ரூமுக்கு இடைஞ்சல் இருட்டு அல்ல, சூடும் தண்ணீரும். டெவலப்பருக்கு 20 டிகிரி என்று புட்டியில் எழுதியிருக்கும். சென்னையில் மே மாதக் குழாய்த் தண்ணீர் 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் டெவலப்பர் அவசரப்படும், ஜெலட்டின் இளகும். ஐஸை டிரேக்குள் போடாமல், டிரேயை இன்னொரு பெரிய டிரேயில் வைத்துச் சுற்றிலும் ஐஸ் தண்ணீர் விடுவோம். அலசுவதில் ஆர்.சி. பேப்பருக்கு இரண்டு நிமிஷம் போதும். ஃபைபருக்குச் சும்மா அலசினால் ஒரு மணி நேரம் ஓடுகிற தண்ணீர் வேண்டும். 2019 கோடையில் சென்னை இருந்த நிலையில் அதை எண்ணிக்கூடப் பார்க்க முடியவில்லை. ஃபிக்ஸரில் (ஹைப்போவின் வேலையைச் செய்யும் கரைசல்) ஒரே ஒரு நிமிஷம், 5 நிமிஷம் அலசல், சோடியம் சல்ஃபைட் கலந்த வாஷ் எய்டில் 10 நிமிஷம், மறுபடி 5 நிமிஷம் என்ற இல்ஃபோர்டு முறையை அப்போதிருந்து பின்பற்றுகிறேன். தீர்ந்துபோன ஹைப்போவைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாதீர்கள், அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. முன்பெல்லாம் வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக ஸ்டுடியோ வாசலுக்கே வந்து கேனோடு விலைக்கு வாங்கிப்போவார்கள். இப்போது எக்ஸ்-ரே ஃபிலிம் கழுவும் இடம் ஏதாவது மிச்சமிருந்தால் அங்கே விசாரிக்கலாம்.

பிரிண்டருக்கு இருட்டு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். ஆனால் அதைச் சும்மா வைக்கக் கூடாது. மாதத்துக்கு ஒரு பிரிண்ட் போடுகிறவர் வீட்டில் பிக்மென்ட் இங்க் முனையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுத்தம் செய்யும் ஓட்டத்துக்கும் நல்ல இங்க்தான் வீணாகும். வாரத்தில் இரண்டு நாளாவது ஓட்டுவேன் என்ற உறுதி இல்லாவிட்டால் சொந்தப் பிரிண்டர் நஷ்டம். பிரிண்ட் போட்டுத் தரும் நல்ல இடத்தில் கொடுத்து வாங்குவதே லாபம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போதைக்கு இரண்டையும் வாங்க மாட்டேன். முப்பது ரோலையும் ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டர் திரையில் சின்னதாகப் பார்த்து, திரும்பத் திரும்பக் கண் போய் நிற்கும் பத்துப் படங்களைப் பிரிப்பேன். அதில் நெகட்டிவ் நன்றாக உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு, டார்க்ரூம் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு நாள் வாடகைக்கோ உதவியாளாகவோ போய், 8×10 ஃபைபர் பேப்பரில் உங்கள் கையாலேயே போடுங்கள்; முதல் நாளே நல்ல பிரிண்ட் வராது, ஆறேழு தாள் போகும். அதே நெகட்டிவின் ஸ்கேனைப் பாரைட்டா இங்க்ஜெட் பேப்பரில், பளபளப்பும் அளவும் ஒத்துப்போகும்படி, ஒரு நல்ல இடத்தில் போடச் சொல்லுங்கள். கலர் லேபில் வேண்டாம். ஃபைபர் பிரிண்ட் முழுதாகக் காய ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், இரண்டையும் கண்ணாடி இல்லாமல் ஒரே மேசையில் வைத்து முதலில் நேராகவும் அப்புறம் சாய்த்தும் பாருங்கள். நண்பரையும் கூப்பிடுங்கள், எது எது என்று அவருக்குச் சொல்லாமல். அதற்குப் பிறகும் கை மறுபடி அந்த டிரேப் பக்கம் போகத் துடித்தால், குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வாங்கலாம். என்லார்ஜர் பழையதாகவே வாங்குங்கள், லென்ஸ் மட்டும் பூஞ்சை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். சேஃப்லைட் (பேப்பரைக் கெடுக்காத மங்கலான டார்க்ரூம் விளக்கு) வாங்கியதும், லேசாக ஒளி காட்டிய ஒரு துண்டுப் பேப்பரை அதன் கீழ் வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு போட்டு, 5 நிமிஷம் விட்டுக் கழுவிப் பாருங்கள். காசின் வட்டம் வெளுப்பாகத் தெரிந்தால் விளக்கு பேப்பரைக் கெடுக்கிறது. தள்ளி மாட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள்.